தொண்டையில் ஒன்றுமில்லை

என் தொண்டையில் ஒன்றுமில்லை என்று மூன்று டொக்டர்மார் சொன்னார்கள். மூன்றாமவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. புற்றுநோய் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், ஆனால் ஊருக்குள் தலை நிமிர்ந்து போயிருப்பேன். ஒன்றுமில்லாமலா ஒரு மனிதன் வாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும்?

நான் வாவிக்கரைத் துறையில் மீன் ஏலம் கூறுகிறவன். செங்கலடியிலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலம் போனால் எங்கள் துறை. விடியலில் தோணிகள் வந்து சேர, மணலை, கொடுவா, இறால் என்று கூறு கூறாகக் கொட்டுவார்கள். சுற்றி நிற்கிற வியாபாரிகளின் சத்தத்துக்கு மேலால் என் சத்தம் போக வேண்டும். பதினாறு வருடம் அப்படிப் போனது. தோணி வலிப்பவனுக்குத் தோள் எப்படியோ எனக்குத் தொண்டை அப்படி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என்னைக் காட்டித்தான் சொல்வார்கள். கொஞ்சம் நக்கலாகவும் சொல்வார்கள்.

அந்தக் குரல் போனது சண்டைக்காலத்தில். என் மனைவி தவமணியின் தம்பி குகன் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் போன ஒன்பதாம் நாள். குகனுக்குப் பத்தொன்பது வயது. தாய் தகப்பன் இல்லாத அவனைத் தவமணிதான் வளர்த்தாள். அவனைக் கொண்டுபோன அன்று பள்ளிக்கூட மைதானத்தில் நானும் இருந்தேன். அங்கே நடந்த ஒன்றை நான் தவமணிக்குச் சொல்லவில்லை. டொக்டர்மார் என் தொண்டைக்குள் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான் என்று இப்போது தெரிகிறது. அப்போது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதை எழுதுவது என்னைப்போல ஒரு வருத்தம் வந்து, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் அலைகிற ஆம்பிளைகளுக்காக. அவர்கள் வாசிக்க மாட்டார்கள் என்றும் தெரியும். நானும் வாசித்திருக்க மாட்டேன்.

அந்த ஒன்பதாம் நாள் விடிய, முதல் தோணியின் இறாலைக் கொட்டினார்கள். குனிந்து ஒரு கை அள்ளிக் காட்டி வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சளி என்று நினைத்துக் காறித் துப்பிவிட்டு மறுபடியும் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. வியாபாரிகள் சிரித்தார்கள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. இன்றைக்கு ஏலத்தைக் கண்ணாலா கூறப்போகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். மூன்றாம் முறையும் வராதபோது சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் வேறொருவன் கூறத் தொடங்கினான். அவனுக்கு அந்தத் தொழில் தெரியாது, விலையைப் பாதி வழியில் விட்டுவிடுவான். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு மூன்று கிழமை வைத்தியம் நடந்தது. கொத்தமல்லிக் குடிநீர், தேனில் குழைத்த திப்பிலி, கழுத்தைச் சுற்றி வேப்பெண்ணெய். செங்கலடியில் இரண்டு டொக்டர்மார் ஒன்றுமில்லை என்றார்கள். நாட்டு மருந்து செய்கிற பரியாரி சூடு என்றார். மந்திரிக்கிற கோயில் கட்டாடியார் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, இது வாய்க்கட்டு, வேண்டாதவன் ஒருவன் செய்திருக்கிறான் என்றார். எங்கள் பக்கத்தில் மந்திரத்துக்குப் பஞ்சமில்லை. பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் பயந்து வருகிற இடம் மட்டக்களப்பு. எனக்கும் வாய்க்கட்டு என்ற சொல் பிடித்துப் போனது. எதிரி செய்தான் என்றால் என் பிழை ஒன்றுமில்லையே. என் இடத்தில் ஏலம் கூறுகிறவனைப் பத்து நாள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். தவமணி களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள். தம்பி திரும்பி வரவும் புருஷனுக்குக் குரல் வரவும் ஒரே நேர்த்தி. இரண்டுக்கும் தனித்தனியாக வைக்க அவளிடம் தெம்பு இல்லை.

கடைசியில் நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் இரண்டு இராணுவச் சென்றியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரிசையில் நடந்து, அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒன்று. சிப்பாய் அட்டையைப் பார்த்துவிட்டுப் பெயர் கேட்டான். அட்டையில் இருக்கிற பெயரை வாயாலும் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். நான் வாயைத் திறந்து காற்றை விட்டேன். அவன் துவக்கை மற்றக் கைக்கு மாற்றினான். மறுபடியும் கேட்டான். நான் மறுபடியும் காற்றை விட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஓரடி பின்னுக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் போயிருப்பேன். தவமணி பெண்கள் வரிசையிலிருந்து ஓடிவந்து, தனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில் என் பெயரைச் சொல்லி, என் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். முப்பத்தொன்பது வயதில் என் பெயரை என் மனைவி சொல்ல, நான் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையை ஆட்டினேன். அன்றையிலிருந்து அவள் இல்லாமல் நான் எங்கேயும் போக முடியாது என்றானது.

காது மூக்குத் தொண்டை டொக்டர் என் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, ஒரு சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்துப் பார்த்தார். ஓங்காளித்தேன். பிறகு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார். பிலிம் வந்து சேராததால் மூன்று நாள் வார்ட்டில் வைத்திருந்தார்கள். தினமும் ஊருக்குப் போய்வர முடியாது, எந்த நேரத்தில் பாதையை மூடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான்காம் நாள் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னை இருமச் சொன்னார். இருமினேன். சத்தமாக வந்தது. அவர் சிரித்துக்கொண்டு விளக்கினார். தொண்டைக்குள் கதவுபோல இரண்டு இதழ்கள் இருக்கின்றன. மூச்சு வரும்போது அவை சேர்ந்து அதிர்ந்தால்தான் சத்தம். எனக்கு இருமும்போது அவை சேருகின்றன, கதைக்கும்போது மட்டும் சேரமாட்டேன் என்கின்றன. ஆகவே பழுதில்லை, பின்கட்டடத்துக் கிளினிக்குக்குப் போங்கள் என்று என் கொப்பியில் எழுதினார்.

பின்கட்டடம் என்றால் என்னவென்று ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். அது மனநோய்க்காரரைப் பார்க்கிற இடம். நான் கொப்பியைத் தவமணியின் கையில் திணித்துவிட்டு வெளியே நடந்தேன். எனக்கு விசரா? பதினாறு வருடம் ஒரு கிராம் நிறுவை பிசகாமல் நின்றவனுக்கு விசரா? ஆம்பிளைக்கு வருகிற வருத்தத்துக்கு ஓர் இடம் இருக்க வேண்டும். நெஞ்சு, வயிறு, முதுகு, கை கால். தொட்டுக் காட்ட ஒன்றுமில்லை என்றால் அது வருத்தமில்லை, சாட்டு. அப்படித்தான் நான் நினைத்தேன். அந்தக் கட்டடத்துக்குப் போகிற பாதையில் தலையைக் குனிந்துகொண்டு மூன்று தரம் போனேன், மூன்று தரமும் தண்ணீர்க் குழாய்க்குப் போகிறவன்போலத் திரும்பி வந்தேன். நான்காம் தரம் தவமணி என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஊருக்குத் தொண்டை ஒப்பரேசன் எண்டு சொல்லுவம். ஆருக்குத் தெரியப்போகுது," என்றாள்.

அங்கே பதினொரு நாள் இருந்தேன். எட்டுக் கட்டில். சங்கிலியும் கூச்சலும் இருக்கும் என்று பயந்து போனேன். இருந்தது என்னோடு சேர்த்து எட்டு ஆம்பிளைகள், சாரம் உடுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு. யாருக்கும் மனதில் ஒன்றுமில்லை. ஒருவருக்குத் தலைச்சூடு. ஒருவருக்கு நரம்புத்தளர்ச்சி. பக்கத்துக் கட்டில் ஏறாவூர் முஸ்லிம் ஒருவர், ஐம்பது வயது, நெசவு செய்கிறவர். அவர்கள் அண்ணனைச் சொல்கிறபடி எல்லோரும் அவரைக் காக்கா என்று கூப்பிடுவோம். அவருக்குக் கை நடுங்கும், நித்திரை வராது. கேட்டால் வாயு என்பார். நெஞ்சு முட்ட வாயு, ஏப்பம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். அவர் ஊரில் நடந்ததை நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் நடந்ததை அவரும் கேட்கவில்லை. கேட்டால் ஒருவர் மற்றவரின் ஆட்களைக் குற்றம் சொல்ல வேண்டிவரும். அதைவிட வாயு நல்லது. அவர் வீட்டிலிருந்து வருகிற சோற்றுப் பார்சலில் பாதியை என் கட்டிலில் வைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வார், நான் நன்றி சொல்ல முடியாமல் திணறுவதைப் பார்க்காமலிருக்க.

தவமணி தினமும் வந்தாள். நகரத்தில் அவளுடைய சிநேகிதி வீட்டில் தங்கியிருந்தாள். காலையில் காம்ப் வாசலில் மனுக் கொடுக்க நிற்பாள், மத்தியானம் என்னிடம் வருவாள். ஒரே பைக்குள் குகனின் படமும் எனக்குச் சோறும். தம்பியைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, மீனில் முள் எடுத்துத் தருவாள். தொண்டையில் ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்ன பிறகும் முள் எடுப்பதை விடவில்லை. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, முள் எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மான் சொன்னவர். நீங்களும் அவரும் எழும்பி நிண்டு, காலில விழாத குறையாக் கெஞ்சினீங்களாம். அதுக்கு மேல என்ன செய்ய ஏலும்? அத நினைச்சு நினைச்சுத்தான் உங்களுக்கு இது வந்திரிக்கி."

நான் தலையை ஆட்டினேன். சோற்றை ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

அம்மான் என்றது தவமணியின் தாயின் தம்பியை. அவள் கூப்பிடுகிறபடியே நானும் அம்மான் என்பேன். நிறைய வயல் உள்ளவர், வயல்வட்டைக்குள் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். வீடு பெண்ணுக்குரியது. கட்டின ஆண் அவள் வீட்டுக்குப் போய் இருப்பான். அந்த வீட்டுப் பிள்ளைகளின் நல்லது கெட்டதுக்கு முன்னுக்கு நிற்பது தாய்மாமன். மாப்பிள்ளை ஓரடி பின்னால்தான் நிற்க வேண்டும். கலியாணமான புதிதில் ஒரு வேலிப் பிரச்சினையில் நான் முந்திக்கொண்டு வாயைத் திறந்துவிட்டேன். அம்மான் சோற்றில் கையை உதறிவிட்டு எழும்பினார். நான் இருக்கும்போது நீ யார் என்று கேட்டார். வந்த மாப்பிள்ளை வீட்டை ஆளப் பார்க்கிறான் என்று ஊர் ஒரு வருடம் கதைத்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அதற்குப் பிறகு அவர் இருக்கிற இடத்தில் நான் முதலில் வாய் திறந்ததில்லை.

அன்று மைதானத்தில் ஆண்களையெல்லாம் வரிசை வரிசையாக வெயிலில் இருத்தியிருந்தார்கள். குகனுடைய அடையாள அட்டை திருத்தத்துக்குப் போயிருந்தது, கையில் ஒரு துண்டுச்சீட்டு மட்டும். அப்படிப்பட்ட பொடியன்மாரை முன்னுக்குக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். மொழிபெயர்க்கிறவர், இவனுக்குப் பொறுப்பு யார், எழும்புங்கள் என்று கேட்டார். முதல் பொடியனுக்குத் தகப்பன் எழும்பினார். பெயரை எழுதிக்கொண்டு பொடியனை விட்டார்கள். இரண்டாவது பொடியனுக்கும் தகப்பன். விட்டார்கள். மூன்றாவது குகன். அம்மான் எனக்கு முன் வரிசையில் இருந்தார். நான் அவருடைய முதுகைப் பார்த்தேன். எழும்பப்போகிறார் என்று பார்த்தேன். அவர் எழும்பாமல் நான் எழும்பினால் அவரைச் சபையில் அவமதித்ததாகும் என்று எனக்குள் ஓடியது. அந்த இடத்தில், அந்த வெயிலில், துவக்குகளுக்கு நடுவில் எனக்கு ஓடிய நினைப்பு அது. மொழிபெயர்க்கிறவர் இரண்டாம் தரம் கேட்டார். அம்மானின் முதுகு அசையவில்லை. மூன்றாம் தரம் அவர் கேட்கவில்லை. குகனை வண்டிப் பக்கம் திருப்பிவிட்டு, நான்காவது பொடியனைக் கூப்பிட்டார்கள்.

இது நடந்து முடிய எவ்வளவு நேரம் போயிருக்கும்? ஒரு கூறு மீனை விற்கிற நேரம்கூட இல்லை.

இதைத்தான் நான் யாருக்கும் சொல்லவில்லை. பின்கட்டடத்தில் எனக்கு ஒரு மிஸ்ஸை ஒழுங்கு செய்திருந்தார்கள். உளவளத்துணை என்று அதற்குப் பெயர். ஒரு மேசை, இரண்டு கதிரை, கதவு பூட்டியிருக்கும், கதைக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். மிஸ்ஸுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கலியாணம் கூட ஆகாத ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் இருந்து நான் என்னத்தைச் சொல்வது? கதைத்தால் சுகம் வருமென்றால் கள்ளுத்தவறணையில் இருப்பவர்களெல்லாம் நூறு வயது இருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டு முதல் நாள் அவருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

இன்னொரு காரணமும் இருந்தது, அதுதான் பெரிய காரணம். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கதைத்தவன் பிழைக்கவில்லை. கதைத்தவனை இந்தப் பக்கமும் சந்தேகித்தது, அந்தப் பக்கமும் சந்தேகித்தது. யாரோடு நின்றாய், யார் வந்தது, யார் போனது என்று கேட்டால் தெரியாது என்று சொல்லப் பழகினவன்தான் வீட்டுக்கு வந்தான். அப்படிப் பத்து வருடம் பழகிய ஆம்பிளையைக் கூப்பிட்டு, பயப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றால் அவன் எப்படிச் சொல்வான்? மிஸ் அதை விளங்கிக்கொண்டார் போல. ஒரு கடதாசியும் பென்சிலும் தந்து, எழுதுங்கள், நான் வாசித்ததும் உங்களுக்கு முன்னாலேயே கிழித்துவிடுவேன் என்றார். நான் கொடுவாவின் விலையை எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்தார், சொன்னபடியே கிழித்தார். அடுத்த நாள் இறாலின் விலை. அதையும் கிழித்தார். கோபப்படவேயில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதோடு தொண்டைக்கும் பயிற்சி தந்தார். இருமச் சொல்வார். இருமலை நீட்டி 'ஆ' என்று முடிக்கச் சொல்வார். வாயை மூடி 'ம்' என்று இழுக்கச் சொல்வார். மாடு கத்துவதுபோல இருக்கும், காக்கா வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பத்தாவது நாள் 'ம்'முக்குப் பின்னால் ஒரு 'மா' வந்தது. மிஸ் ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று என்று துருப்பிடித்த குரலில் இருபது வரை எண்ணினேன். எனக்கு அழுகை வந்தது, அதை இருமலாக மாற்றினேன். காக்கா என் முதுகில் தட்டி, "பாத்தியா தம்பி, உனக்கும் வாயுதான்" என்றார்.

மிஸ் மட்டும் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. குரல் வந்துவிட்டது, அது போன காரணம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாமே என்றார். நான் கும்பிட்டேன். குரல் வந்தபிறகு மனிதனுக்கு வேறென்ன வேண்டும் என்று சொல்லித் வார்ட்டிலிருந்து விடுகிற துண்டை வெட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று சென்றியில் என் பெயரை நானே சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் தவமணி தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். எனக்குப் பக்கத்தில் இருந்தாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். என் குரலைக் கேட்க ஆசைப்பட்டு, அதையும் இதையும் கேட்டாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு, காக்காவின் வாயு. நானும் சொன்னேன், அவள் சிரித்தாள். பிறகு, "இஞ்ச பாருங்க, அண்டைக்கு நீங்க எழும்பினதும் அவங்கள் என்ன சொன்னவங்கள்? முதல்ல இருந்து ஒருக்காச் சொல்லுங்க. உங்கட வாயால கேக்கோணும்" என்றாள்.

வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

அவள் பயந்துபோய் என் நெஞ்சைத் தடவினாள். அவசரப்பட்டுக் கேட்டுவிட்டேனே என்று தன்னைத்தானே திட்டினாள். அந்த ராத்திரி எனக்கு வந்த வெறுப்பு வாழ்க்கையில் வேறெதன் மீதும் வந்ததில்லை. அது என் மீதுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் பின்கட்டடம். இந்தத் தடவை மிஸ் கடதாசியைத் தந்ததும் நான் விலை எழுதவில்லை. மைதானத்தை எழுதினேன். ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கமும் எழுதினேன். அம்மானுக்கு மரியாதை என்று இருந்துவிட்டேன் என்று முடித்தேன். மிஸ் இரண்டு பக்கத்தையும் வாசித்தார். பிறகு, அதில் மரியாதை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அவர் கடதாசியைக் கிழித்துக் குப்பைக் கூடைக்குள் போட்டார். இதை நான் கேட்டது நல்லது, ஆனால் நான் கேட்டால் மட்டும் போதாது, கேட்க வேண்டியவர் வெளியே வாங்குப் பலகையில் இருக்கிறார் என்றார். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அந்த வீட்டில் நான் சாப்பிடுவதே அவளுடைய நம்பிக்கையில். வீடும் அவளுடையது, தம்பியும் அவளுடையவன். சொன்ன பிறகு நான் எங்கே போவேன்? மிஸ் என்னை வற்புறுத்தவில்லை. அவருக்கும் வேறு மருந்து தெரிந்திருக்காது.

அதற்கு அடுத்த செவ்வாய் நம்பர் துண்டை எடுத்துக்கொண்டு நானும் தவமணியும் கிளினிக் வாசலுக்கு வந்தோம். வாங்கின் மறு அந்தத்தில் ஒருவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி இருந்தார். அம்மான். வயல் அலுவலாகக் கந்தோருக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், போக இடமில்லை. சால்வைக்குள் கிளினிக் கொப்பியின் மூலை தெரிந்தது. அந்தக் கொப்பி பழசு. எனக்கு முந்தியே அவர் வரத் தொடங்கியிருக்கிறார்.

"பிரஷர். பிரஷருக்கு ஒருக்காக் காட்ட வந்தன்," என்றார்.

பிரஷர் பார்க்கிற இடம் முன்கட்டடம். தவமணி அதைச் சொல்லவில்லை. முகம் கறுத்துப் போயிருக்கிறீர்களே அம்மான் என்று மட்டும் சொல்லிவிட்டு, தேத்தண்ணி வாங்கப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மைதானத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் தனியாக இருந்தது அன்றுதான். அவர் இளைத்திருந்தார், சேர்ட் தோளில் தொங்கியது. நித்திரை இல்லை என்றார். கண்ணை மூடினால் முதுகுக்குப் பின்னால் யாரோ இருப்பதுபோல இருக்கிறது என்றார். பிறகு சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"உன்னத் துறையில எல்லாருக்கும் தெரியும். சென்றிக்காரனுக்கும் தெரியும். வீட்டில இருக்கிற ஆம்பிளை நீ. நீ எழும்புவாய் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தன் மனே. ஏன் எழும்பல்ல?"

அந்த வேலிப் பிரச்சினையை அவர் மறந்தே போயிருந்தார். கலியாணமாகிப் பன்னிரண்டு வருடமாக அதை நினைத்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். குனிந்து அவர் காதுக்குக் கிட்டப் போய், காற்றை இழுத்து இழுத்துச் சொன்னேன்:

"நீங்க எழும்புவீங்க எண்டு உங்கட முதுகத்தான் பாத்துக்கொண்டிருந்தன் அம்மான். ரெண்டு பேரும் எழும்பல்ல."

அவர் குடையின் பிடியை இறுக்கிப் பிடித்தார். நான் நிமிர்ந்தபோது தவமணி எங்களுக்குப் பின்னால் நின்றாள், இரண்டு கையிலும் தேத்தண்ணி. எந்த இடத்திலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். கோப்பைகளை வாங்கில் வைத்தாள், சிந்தாமல் வைத்தாள். அம்மான் சால்வையை முகத்தில் போட்டுக்கொண்டார். தவமணி அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அவன் உங்களப் பாத்தவனா?" என்று கேட்டாள்.

இல்லை என்று ஒரு தலையசைப்பு போதும். குகன் குனிந்து நின்றான், பார்க்கவில்லை என்று நம்பியிருப்பாள். மிஸ்ஸுக்கு எழுதிக் கொடுத்த கடதாசியில்கூட நான் அதைத் தவிர்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

"ஓம், பாத்தவன்," என்றேன். "வண்டியில ஏறுமட்டும் என்னத்தான் பாத்துக்கொண்டிருந்தவன்."

குரல் முழுதாக வந்தது. துறையில் கூறுகிற அதே சத்தம். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.